புருவ முடிக் கத்தி

உட்காருண்ணே. அந்த ஸ்டூல் ஆடும், சுவத்தை ஒட்டிப் போட்டுக்கோ. வீடு பூட்டித்தான் இருக்கும், சாவி என்கிட்டல்ல இருக்கு. எம் பொண்ணு இங்கதான் எங்கயாவது போயிருப்பா. போன் பண்ணா எனக்கும் எடுக்கல. பத்து நிமிஷம் இரு, இந்த லேப் தட்டை முடிச்சுடறேன்.

கடை திறப்பு பன்னெண்டுக்குத்தானே? மறப்பேனா. அவங்கப்பா போனதுலேர்ந்து எல்லாம் நீதான் பாக்கற. இப்ப புதுசா ஒரு கண்ணாடிக் கடையைத் திறந்து, கவுண்டர்ல அவளையே உட்கார வைக்கற. எந்த மாமன் செய்வான். கப்பல் இன்ஜின் படிக்கப் போறேன்னு அவ ஆசைப்பட்டா, நீ வேணாம்னுட்ட, அவளும் சரி மாமான்னு தலையாட்டிட்டா. முடிஞ்ச கதை, அதை ஏன் இப்ப கிளறணும்.

இங்க வா, இந்த மைக்ரோஸ்கோப்ல கண்ணை வச்சுப் பாரு. கடுகு மாதிரி தெரியுதே, அத்தனையும் தவளைக் கரு. ஏழு மணி நேரம் ஆச்சு, இப்ப வெட்டலேன்னா நேரம் தப்பிடும். மேல்பக்கம் துளியூண்டு துண்டு எடுக்கணும். கத்தி இதுதான். சிரிக்காத, நிஜமாவே புருவ முடிதான், குச்சில ஒட்டியிருக்கேன். என் புருவத்துல ஏது முடி, எல்லாம் உன் மருமகளோடது. நேத்து சாயங்காலம் ஒரு கொத்து பிடுங்கிக் குடுத்தா, ஒரு வருஷத்துக்கு வரும்மான்னு. ஏன் ஒரு வருஷமா? ஒரு பேச்சுக்குச் சொன்னாண்ணே, விடு.

போனை எங்க பாத்தேன், மணி பாத்தேன். சுவத்துக் கடிகாரம் ஓடுது, ஆனா சரியா ஓடாது.

அட, இரு இரு, கேட்டுட்டுப் போ. இந்தத் துண்டை இப்படியே விட்டா தோலாயிடும். ஏன்னா பக்கத்துப் பக்கத்துல இருக்கற செல்லெல்லாம் ஒண்ணுக்கொண்ணு தோலாகு, தோலாகுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். பேசாது, ஒரு மாதிரி சரக்கைக் கசிய விடும், அதான் அதுங்க பேச்சு. தனித்தனியாப் பிரிச்சு வச்சுட்டோம்னா அந்தப் பேச்சு எட்டாது, அப்ப அதே செல்லு நரம்பாயிடும். யாரும் மூளையாகுன்னு சொல்ல வேண்டியதில்லை. முழுக் கருவுல இதுக்குன்னே ஒரு மூலக்கூறு இருக்கு. அது எதுவா ஆகுன்னும் சொல்றதில்ல, வர்ற பேச்சை நடுவுல பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். நான் அதுக்கு வாயடைப்பான்னு பேரு வச்சிருக்கேன். பத்து வருஷமா இதைப் பாக்கறேன், எனக்கு உறைச்சது போன வாரம்தான்.

கோவிச்சுக்காதண்ணே, கிளம்பாத, இன்னும் ரெண்டு நிமிஷம். எனக்காக.

இதோ, மெசேஜ் வந்துருச்சு. அவகிட்டேர்ந்துதான்.

பதினொண்ணே முக்கால் ரயில்ணே. இப்ப கிளம்பிருச்சாம். நாளைக்குக் காலைல கப்பல் படிப்புல சேர்றா. உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்னு ராத்திரியெல்லாம் அழுதா, நான்தான் விடல. நீ பிளாட்பாரத்துல வந்து நின்னாலே போதும், இறங்கிடுவா. உன் மேல அவ்வளவு உசுரு அவளுக்கு. அதான் உன்னை இங்கயே உட்கார வச்சேன்.

நீ இப்ப போலாம்ணே.