முதலில் வருவதை அமுக்கு

உங்கள் அறையின் மின்விசிறி கிறீச்சிடுகிறது. மேலே ரப்பர் தேய்ந்திருக்கும், வேறொன்றுமில்லை. இது என் அத்தான் சொல்லித் தெரிந்துகொண்டது. அக்காவின் கணவர், ஒயர்மேன். அவர் கைபட்டால் எந்த விசிறியும் வாயை மூடிக்கொள்ளும். யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நான் சொல்வது தட்டச்சு செய்கிறவர் காதில் சரியாக விழ வேண்டும்.

என் வாக்குமூலத்தில் போலி இணையதளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். எங்கள் தளத்தை அரசுத் தளம் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை. நீல நிறம் எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. மேலே இருக்கும் வட்ட முத்திரை நாங்களே வரைந்தது. பக்கத்தின் அடியில், வெளிர்சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில், 'இது அரசு நிறுவனம் அல்ல' என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம். அதைப் படிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ஒப்பாரி வைக்கிற ஜனங்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை. எரிச்சல்தான் வருகிறது.

உங்கள் அரசாங்கத்தின் தளத்தை நீங்கள் ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? அங்கே இலவசம், இல்லாவிட்டால் சொற்பக் கட்டணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேடினால் அது எங்களுக்குக் கீழேதான் வரும். முதல் இடம் விளம்பரத்துக்கு உரியது. அதை நான் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே காசு கட்டிப் பிடித்துவிடுவேன். பிறப்புச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், மருத்துவ உதவி அட்டை என்று எதைத் தேடினாலும் முதலில் நாங்கள்தான். ஜனங்கள் எங்களிடம் விவரம் கொடுத்துக் கட்டணம் கட்டுவார்கள். எங்களிடம் வேலை பார்க்கும் பெண்கள் அதே விவரத்தை அரசுத் தளத்தில் ஏற்றுவார்கள். அதை நாங்கள் தள்ளிவிடுவது என்போம்.

வந்தவுடன் தள்ளிவிட மாட்டோம். அதில்தான் தொழில் இருக்கிறது. உடனே அட்டை கைக்கு வந்துவிட்டால், இதற்கா இவ்வளவு வாங்கினான் என்று தோன்றும். அதனால் விண்ணப்பத்தை ஊறப்போடுவோம். ஆள் தவிக்கத் தொடங்குவான், கூப்பிடுவான். அப்போது அவசரக் கட்டணம் என்று ஒன்று இருப்பதை எங்கள் டீச்சரம்மா பக்குவமாக எடுத்துச் சொல்வாள். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், குரலில் அப்படி ஒரு கனிவு. அவசரக் கட்டணம் கட்டினால் அன்றைக்கே தள்ளிவிடுவோம். இந்த விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஏழை, பணக்காரன், தெரிந்தவன், தெரியாதவன் என்று நான் பார்ப்பதில்லை. உங்கள் அலுவலகங்களில் இல்லாத நேர்மை அது.

அத்தான் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே ஒரு முறைதான் வந்தார். டயர் கடைக்கு மேல் மாடி. மின்சாரம் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. நான் அவரை அழைக்கவில்லை. தம்பி இருட்டில் கஷ்டப்படுகிறான் என்று அக்காதான் அனுப்பினாள். ஏணியில் நின்று வேலை பார்த்தவருக்குக் கீழே எல்லாத் திரைகளும் தெரிந்திருக்கின்றன. பெண்கள் போனில் பேசுவதும் கேட்டிருக்கிறது. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார்.

"மாப்ளே, இது சரியில்ல. பாவம், நோயாளிங்ககிட்டல்லாம் வாங்குறீங்க. நீயே மூடிடு."

"அத்தான், இது உங்களுக்குப் புரியாது."

"புரியுது. உங்க அக்காகிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாதே. உன்னைத் தூக்கி வளர்த்தவ, தாங்க மாட்டா. மூடினதும் என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லு."

மிரட்டியிருந்தால் பரவாயில்லை. மிரட்டுகிறவனைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இவர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டுப் போனார், கூலிகூட வாங்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அவள் அடுப்படிப் பக்கம் திரும்பியதும், "மூடிட்டியா?" என்று தணிந்த குரலில் கேட்பார். ஒரு ஒயர்மேன் என்னைக் கேள்வி கேட்கிறார். அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது அப்போதுதான். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அடைப்பு, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். மருத்துவ உதவி அட்டையின் எண் வந்தால்தான் தேதி குறிப்போம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அக்கா எனக்குத்தான் போன் செய்தாள்.

"தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, அந்த அட்டைக்கு எப்படிப் போடுறது?"

"எனக்கு இப்ப நேரமில்லக்கா. போன்ல தேடு, முதல்ல வர்றதை அமுக்கு."

வழி கேட்டால் நேராகப் போங்கள் என்று சொல்வோமே, அப்படிச் சொன்னதுதான். முதலில் வருவது எது என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும்.

டீச்சரம்மா என் மேசைக்கு வந்து நின்றாள். "சார், ஒரு அம்மா ரொம்ப அழுறாங்க. வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷனாம். இதை மட்டும் தள்ளிவிட்டுடவா?" திரையைத் திருப்பிக் காட்டினாள். அக்கா எடுத்த புகைப்படம், ஆஸ்பத்திரித் தலையணையில் அத்தானின் முகம். சவரம் செய்திருக்கவில்லை. "ஊறட்டும்," என்றேன். விதி எல்லாருக்கும் ஒன்று என்று சொன்னேன் இல்லையா?

அன்று மாலை அவரைப் பார்க்கப் போனேன். அக்கா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் மெல்லக் கண்ணைத் திறந்து, "மூடிட்டியா மாப்ளே?" என்றார். அந்த நிலைமையிலும் மனிதருக்கு அதுதான் கவலை. அக்கா திரும்பி வந்து, அவசரக் கட்டணம் கட்டினால் உடனே ஆகுமாம், கட்டட்டுமா என்று கேட்டாள். "கட்டுக்கா. கவர்மெண்ட் வேலை, அப்படித்தான் இருக்கும்," என்றேன். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள்.

கட்டணம் வந்ததும் டீச்சரம்மா தள்ளிவிடப் போனாள். நான் தடுத்தேன். பிறந்த தேதி தெளிவாக இல்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று என் பக்கம் வாங்கி வைத்துக்கொண்டேன். தேதி தெளிவாகத்தான் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அமுக்கவில்லை. மறக்கவும் இல்லை. தினமும் திறந்து பார்ப்பேன், மூடிவிடுவேன். அக்கா போன் செய்யும்போதெல்லாம் பொறுமையாக இருக்கச் சொல்வேன். அத்தான் இறந்த காலையிலும் அது என் திரையில்தான் இருந்தது. காரியங்களை எல்லாம் நான்தான் முன்னின்று செய்தேன். ஒரு குறை வைக்கவில்லை.

பிறகு அக்கா சும்மா இருந்திருக்கலாம். அட்டை ஏன் வரவில்லை என்று அரசு அலுவலகத்துக்கே போய்க் கேட்டிருக்கிறாள். அப்படியொரு விண்ணப்பமே வரவில்லை என்றதும் உங்களிடம் புகார் கொடுத்தாள். யார் மீது கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. இப்போதும் நம்பவில்லை. வெளியே பெஞ்சில் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை, ஆள் மாறிப் பிடித்துவிட்டீர்கள் என்று உங்கள் காவலரிடம் சொல்லிக்கொண்டிருப்பது இங்கே வரை கேட்கிறது. அந்தத் தூக்கை உள்ளே அனுப்பச் சொல்லுங்கள், பசிக்கிறது.

கையெழுத்துப் போடுகிறேன், மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தானுக்கு எல்லாம் தெரியும். என் தளம் எப்படிப்பட்டது என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அதில் விண்ணப்பித்திருக்க மாட்டாள், அவரும் இன்றைக்கு இந்த விசிறியைச் சரிசெய்துகொண்டிருப்பார். கடைசி வரை வாயைத் திறக்காமல் இருந்தது அவர்தான். குற்றவாளி யார் என்று எழுதும்போது இதையும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.