இருசாயி தேனில் அழுக்கு இல்லை என்பது பற்றி

பெயர் அர்த்தனாரி, த/பெ. சென்றாயன், வயது 51, தொழில் மலைச்சரக்கு மண்டி வியாபாரம், இருப்பு கொல்லிமலை அடிவாரம் காரவள்ளி. 1958-ஆம் வருடம் ஜூலை மாதம் 9-ந் தேதி காலை பதினோரு மணிக்குக் காவல் நிலையத்தில் நானே ஆஜராகிச் சொல்வது.

இம்மாதம் 6-ந் தேதி பகலில் மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் உள்ள என் சரக்குக் கொட்டகையில், தேவனூர் நாட்டைச் சேர்ந்த சின்னையன் கொடுவாளால் இரண்டு தேன் டின்களை வெட்டித் தரையில் கொட்டினார். இது உண்மை. அவர் குடித்துவிட்டுத் திருட வந்தார், தடுத்த என்னை வெட்டினார் என்று அன்று மாலை நான் எழுதிக் கொடுத்த புகார் பொய். அந்தப் பொய்யின் பேரில் அவர் இன்றுவரை காவலில் இருக்கிறார்.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. சேலம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியபோது சாக்கின் மேல் அடித்திருப்பதைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். யுத்த காலத்தில் பட்டாளத்து ஸ்டோரில் கூலி வேலை செய்தபோது ஒரு சார்ஜெண்டு என் கைகளைப் பார்த்து ‘டர்ட், டர்ட்’ என்று தினமும் கத்துவான். அதனால் அந்தச் சொல்லுக்கு மட்டும் எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். மலையில் என்னை ‘இங்கிலீசு மொதலாளி’ என்பார்கள். நான் மறுத்ததில்லை.

சின்னையனின் சம்சாரம் இருசாயி பத்து வருடமாக எனக்குத் தேன் போடுகிறவர். இந்த வருடம் அவர் தேனில் ஒரு புட்டியைச் சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு மாதிரி அனுப்பினேன். ஜூன் 12-ந் தேதி பதில் வந்தது. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் மூன்றே வரிகள். ‘டர்ட், நில்’ என்று முதல் வரி. ‘செடிமெண்ட், ஸ்லைட்’ என்று அடுத்தது. ‘ரெசிட்யூ, வாக்ஸ்’ என்று கடைசி. பின் இரண்டும் எனக்குப் பிடிபடவில்லை. தந்தியில் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் ‘அனுப்பு’, ‘நிறுத்து’ என்று அடிப்பது வியாபாரிகள் வழக்கம். அதுபோல என் வசதிக்காக ‘நில்’ என்று போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தேனில் அழுக்கு, சரக்கை நிறுத்து என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

அதன் பிறகு வந்த சோளக்காட்டுச் சந்தையில், ஜனங்கள் கூடியிருந்தபோது, இருசாயி இறக்கி வைத்த பானையைத் தள்ளி வைத்து, அவர் தேனில் அழுக்கு என்று பட்டணத்தில் எழுதிவிட்டார்கள் என்று கடிதத்தை உயர்த்திக் காட்டிச் சொன்னேன். இருசாயி, “என்ன அழுக்குங்க மொதலாளி? மண்ணுங்களா, மசுருங்களா? என்னன்னு போட்டிருக்குது?” என்று கேட்டார். நான், “அழுக்குன்னா அழுக்குத்தான், அதுல என்ன தினுசு?” என்றேன். வாழைப்பழம் விற்கும் வெள்ளியங்கிரி, “ஏனுங்க்கா, கையைக் கழுவிப்போட்டுப் புழிஞ்சீங்களா, புழிஞ்சுபோட்டுக் கழுவுனீங்களா?” என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருசாயி இரண்டு கைகளையும் சேலைக்குள் சுருட்டிக்கொண்டார். பிறகு பானையைத் தூக்க அந்தக் கைகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு நாலாம் நாள் நாமக்கல் போனபோது, மருந்துக்கடை வைத்திருக்கும் கம்பவுண்டர் குழந்தைவேலிடம் மற்ற இரண்டு வரிகளையும் கேட்டேன். அவர் முதல் வரியிலேயே நின்று, “இது தமிழ் நில் இல்லீங்க, இங்கிலீசு நில். ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். அழுக்குத் துளிகூட இல்லைன்னு எழுதியிருக்கான்” என்றார். டர்ட் என்பது வெளியிலிருந்து வந்து சேருவது, செடிமெண்ட் என்பது தானாக அடியில் இறங்குகிற மண்டி, ரெசிட்யூ என்பது வடிகட்டிய பின் துணியில் மிஞ்சுவது, இதில் மிஞ்சியது வெறும் மெழுகு என்று பிரித்துச் சொன்னார். “மூணையும் ஒரே கூடையில அள்ளிட்டீங்களே” என்றும் சொன்னார்.

அன்றே நான் மலையேறிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் இங்கிலீஷ் பொய் என்று தெரிந்தால், என் தராசும் பொய் என்று பேசுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு சந்தை போயிற்று. இருசாயி வரவில்லை.

அதன் பிறகு 6-ந் தேதி சின்னையன் கொட்டகைக்கு வந்தார். குடித்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் குழந்தை பிறந்தால் நாக்கில் முதன்முதல் சேனை வைப்பது இருசாயியின் தேனைத்தான். இருசாயியின் சொந்தத் தம்பி மகள் பழனாயிக்கு முன் தினம் குழந்தை பிறந்ததாகவும், தேனோடு போன இருசாயியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிட்டார்கள் என்றும் சின்னையன் சொன்னார். “எம்பொண்டாட்டி அழுக்கை உங்க கொட்டாயில எதுக்குங்க வெச்சிருக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு, அங்கிருந்த பதினோரு டின்களில், கடிதம் வருமுன் வாங்கி இருசாயியின் அடையாளம் போட்டு வைத்திருந்த இரண்டை மட்டும் தேடி எடுத்து வெட்டினார். திருட வந்தவன் அப்படிச் செய்ய மாட்டான். வழிந்த தேனை நிறுத்த நான் டின்னைப் பிடித்தபோது தகரம் என் உள்ளங்கையைக் கிழித்தது. தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டவர் சின்னையன்தான். அந்தக் கட்டோடுதான் நான் புகார் கொடுத்தேன்.

அதன் பிறகு நேற்று இருசாயி மலையிறங்கி என் வீட்டுக்கு வந்து, புருஷனை விடச் சொல்லிக் கேட்காமல், “அந்தக் கடுதாசியில எது அழுக்குன்னு காட்டுங்க, கண்ணால பார்த்துக்கறேன்” என்றார். நான் விரித்தேன். காகிதத்தின் மேல் அவர் வைத்த விரல்கள் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தன. அதைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் காட்டிய இரண்டாம் வரியில் அவர் விரலை வைத்தார். பிறகு, “மண்டிதானுங்களா? தேனுன்னா அடியில மண்டி இருக்கும். உங்க கடைக்கும் மண்டின்னுதானே பேரு, நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டா வந்தோம்?” என்றார்.

சின்னையன் மேல் குற்றம் இல்லை. அவரை விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். பொய்ப் புகாருக்கு என் மேல் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

இருசாயி நிபந்தனையாகச் சொல்லி நான் ஒப்புக்கொண்டது வருமாறு: வருகிற சந்தையில் அதே இடத்தில் அந்தக் கடிதத்தைக் கம்பவுண்டர் குழந்தைவேல் படிக்க வேண்டும், நான் படிக்கக் கூடாது. இருசாயி பானையின் அடி மண்டியை நான் எல்லார் முன்னும் விரலால் வழித்துத் தின்ன வேண்டும். கொட்டிய இரண்டு டின்னும் என் நஷ்டம். நான் விலையைக் கூட்டித் தருவதாகச் சொன்னதற்கு அவர், “வேண்டாமுங்க, வாயை அடைக்கக் குடுத்ததாப் பேசுவாங்க” என்று சொல்லிவிட்டதால், தேன் விலை போன வருடத்து விலையே.

இதில் கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டவை. தமிழில் படித்துக் காட்டக் கேட்டேன், எல்லாச் சொல்லும் விளங்கியது. இதுவரை இங்கிலீஷில் போட்டுவந்த கையெழுத்தை இதில் தமிழில் போடுகிறேன்.

(ஒப்பம்) செ. அர்த்தனாரி