ராசா தாண்டிய கட்டம்

"ராசாவ எதுக்குடா குதிரை மாதிரித் தாண்ட வச்ச?"

பசுமலை போகும் பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும், செஸ் பித்து பிடித்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்டவர் அண்ணன். பக்கத்தில் விரலைச் சொடுக்கியபடி தம்பி. காலையில் பசுமலையில் தொடங்கிய கடைசிச் சுற்று ஆட்டத்தைச் சாப்பாட்டுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

"கை தானாப் போயிருச்சுண்ணே. வாடிப்பட்டில நம்ம ஆடுறப்ப ராசாவுக்கு ஒரு தடவ அந்தத் தாவல் உண்டுல்ல?"

"போட்டியில உண்டாடா?"

"இல்லண்ணே. தொட்ட காய நகத்தியே ஆகணும்னுட்டாரு நடுவர். ஒரு கட்டம் தள்ளி வச்சேன். இனிமே கோட்டை கட்டி ஒதுங்க முடியாது. ராசா நட்டநடுவுல நிக்கிறாரு."

"செயிச்சாத்தான் பேங்க் டீமு, வேலை எல்லாம்னு சொன்னியேடா!"

"இன்னும் தோக்கலண்ணே. ஒரு வழி பாத்து வச்சிருக்கேன்."

பஸ் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. தம்பி அண்ணனின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு ஆகப்போகுது. ரெண்டுக்கு ஆட்டம். நான் இல்லாட்டியும் பலகை பக்கத்துல என் கடிகாரத்த ஓட விட்டுருவாக."

கூட்ஸ் வண்டி ஊர்ந்து முடிந்தும் கேட் திறக்கவில்லை. எதிர்வண்டி வருகிறதென்றார் கண்டக்டர். தம்பி எழுந்தான்.

"டேய், கேட்டு சாத்தியிருக்குடா!"

"இங்க தாண்டலாம்ணே. நடுவர் இல்ல."

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கம்பிக்கு அடியில் குனிந்து, தண்டவாளம் கடந்து ஓடினான். அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்:

"அங்க போயித் தாண்டிராதடா!"