ஏழாம் கணினியின் சாம்பல் வயர்

“ரெண்டு போர்ட்டுக்கும் வயரக் குத்திட்டுப் போயிரிக்காய் தம்பி, இப்ப ஏழாவது கறுத்துப் போய்க்—”

“ராத்தா, கேளுங்களன், அது பிழையான போர்ட்டுல பதிலுக்குக் காத்துக் கிடக்கு—”

“எனக்குப் பாடம் நடத்தாத. நாளைக்கு விடியச் சோதனை. பன்னிரண்டு புள்ளயள். ஏழாவதுல இரிக்கிற பஸ்னாவ நான் எங்க இருத்துற, உன்ட மடியிலயா?”

“பாங்கு சொல்லிட்டாங்க ராத்தா. சுவருக்குள்ள போற வயரக் கழட்டிட்டு சுவிட்சத் திரும்பப் போடுங்க. ஜும்ஆ முடிய வாறன்.”

கணினி திருத்தும் அப்ராஸ் போனை வைத்துவிட்டான்.

கிட்ட வந்து இருங்கள். அவன் அக்கா முறையில் ‘ராத்தா’ என்றது என் மதினியின் மகள் றுமானாவை; அவளுக்கு நடந்தது இது. வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. சாய்ந்தமருது கடற்கரை வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில். அவள் பாடம் நடத்துகிற கணினி வகுப்பில் அவள் மட்டும்...

அந்தக் கணினிகளுக்குள் சொந்தமாக ஒன்றும் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் வயர் வழியே ‘யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். சேர்வர் என்கிற தலைமைக் கணினி பதில் அனுப்பினால்தான் விழிக்கும். நேரத்தைக்கூட அங்கிருந்துதான் வாங்கும். ஏழாவதற்கு மட்டும் வயர் குத்த இரண்டு போர்ட். முதலாவதில் சேர்வரின் நீல வயர். இரண்டாவதில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய சாம்பல் வயரை அப்ராஸ் தெரியாமல் குத்தியிருந்தான்.

சுவருக்கு அப்பால் அறை இல்லை. மணல். சுனாமி அடித்த நாள்வரை அங்கேயும் ஒரு கணினி வகுப்பு நடந்தது... ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில்.

றுமானா சாம்பல் வயரைப் பிடுங்கினாள். முனை ஈரமாக இருந்தது. உப்பு மணம். ‘ஏசித் தண்ணியாயிருக்கும்’ என்று சிரிக்காதே றிஸ்லா, அந்த அறையில் ஏசி இல்லை.

சுவிட்சைப் போட்டாள். உள்ளே விசிறி இரைந்தது. டிக்... டிக்... திரையில் ஒரு வரி வந்தது. பதில் கிடைத்துவிட்டது. எந்த வழியால் என்றும் எழுதியிருந்தது.

இரண்டாவது போர்ட்.

வயர் அவள் கையில் இருந்தது.

கணினி விழித்தது. திரை மூலையில் நேரம் பார்த்தாள். ஞாயிறு, காலை 8.52.

அணைக்கக் கை நீட்டினாள். அப்போதுதான் கதிரையில் தொங்கிய ஹெட்போனுக்குள் சத்தம்... கதிரைகள் இழுபடுகின்றன. பிள்ளைகள் குசுகுசுக்கிறார்கள். தூரத்தில் ஓர் இரைச்சல், லொறி வருகிற மாதிரி, ஆனால் நிற்காமல்... ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“யாரு?” என்றாள்.

குசுகுசுப்பு நின்றது. மூலையில் 8.53.

“மிஸ், றோட்டால எல்லாரும் ஓடுறாங்க. நாங்களும் ஓடட்டா, நீங்க வாறமட்டும் இங்கயே இரிக்கட்டா?”