ஒலிபெருக்கியில் அழைத்த சமாதானம்

கல் விழுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முதலில் ஒன்று, டமார். பிறகு சடசடவென்று. ஷெல்லுக்காவது ஒரு மரியாதை உண்டு. புறப்படும் சத்தம் தூரத்தில் கேட்கும். குப்புறப் படுக்க நேரம் கிடைக்கும். கல் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

"அக்கா, யன்னலுக்குக் கிட்ட நிக்காதேங்கோ! கீழ படுங்கோ!" தம்பி நேசன் கத்துகிறான். நான் என் மகளை மேசைக்கு அடியில் தள்ளுகிறேன்.

1991, மே மாதம். ஸ்ரீபெரும்புதூரில் இந்தியாவின் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட மறுநாள் காலை. இடம் ஆவடி. தேவாலயத்துக்குப் பின்னால், ஞாயிறு பள்ளி நடக்கும் மண்டபம். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த சில குடும்பங்கள் அங்கே தங்கியிருக்கிறோம். வெளியே கூச்சல்.

"உள்ள கீறவன்லாம் வெளிய வாடா!"

அவர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது யார்? எங்கள் ஆயர்தான். சமாதானம் பேசக்கூட மைக் வேண்டும் அவருக்கு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பார். 'நம் மண்டபத்தில் தங்கியிருக்கும் யாழ்ப்பாணச் சகோதரர்களோடு சனிக்கிழமை மாலை சமாதான உரையாடல், அனைவரும் வருக.' பஸ் நிறுத்தம் வரை கேட்கும். சூதுவாது தெரியாத மனிதர். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல ஊரையே அழைத்தார். ஊர் அன்றுதான் வந்தது. எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. நன்றியும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உரையாடல் எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும்.

1987, ஐப்பசி. இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. எங்கள் முற்றத்தில் ஷெல் விழுந்தது. கணவர் போனார். அம்மா போனார். மகளையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு படகேறினேன். எந்த நாட்டு ஷெல்லோ அந்த நாட்டிலேயே வந்து அடைக்கலம் கேட்டேன். வேறு எங்கே போவது?

ஆவடியில் அதே ராணுவத்துக்கு வேண்டியதைச் செய்யும் தொழிற்சாலைகள். சபையில் பாதிப் பேர் அங்கே வேலை. குவார்ட்டர்ஸில் குடித்தனம். செல்வமணி அக்காவின் வீட்டுக்காரரும் அப்படித்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துக் குடும்பம். ஒரே மகன் ஜெபராஜ் பட்டாளத்தில் சேர்ந்தான். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். கண்ணிவெடியில் இறந்தான். உடல் வரவில்லை.

அந்தச் சபையில் திருவிருந்துக்கு முன் சமாதானம் கைமாறும். ஆயர் பீடத்திலிருந்து இறங்கி, முதல் வரிசையில் நிற்பவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைப்பார். அவர் அடுத்தவருக்கு. அவர் அதற்கடுத்தவருக்கு. கடைசி வரிசையில் நாங்கள். எங்களுக்கு முன்னால் செல்வமணி அக்கா. சமாதானம் சபை முழுக்க நடந்து அவரிடம் வந்து நின்றுவிடும். அவர் திரும்ப மாட்டார். மாதக்கணக்கில் எங்களுக்கு அது வரவே இல்லை. எனக்கும் கேட்டு வாங்க மனமில்லை. ஆயர் பார்த்தார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கினார்.

கூட்டத்துக்கு ஒரே விதி. அவரவர் வீட்டுச் சாவை மட்டும் சொல்ல வேண்டும். கொன்றது யார் என்று சொல்லக் கூடாது. நான் சொன்னேன். பிறகு செல்வமணி அக்கா வாய் திறந்தார்.

"அங்க மண்ணு எப்படி இருக்கும்?"

"சிவப்பு மண், அக்கா. மழை பெய்தா செருப்போட ஒட்டும். சுத்திவரப் பனை."

"எங்க ஊருத் தேரி மாதிரில்லா சொல்லுத" என்றார். தேரி என்றால் அவர் பக்கத்துச் செம்மணல் மேடு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் ஆராதனையில் திரும்பினார். அவர் கை சில்லென்று இருந்தது.

இப்போது அந்த மே மாதக் காலை. இரும்புக் கேட் கிரீச்சிடுகிறது. செல்வமணி அக்கா ஓடிவருகிறார். மண்டபத்து வாசலை மறித்து நிற்கிறார்.

"எல, கல்லக் கீழ போடு! பட்டாளத்தானப் பெத்தவ நிக்கேன்! எறியணும்னா என் மேல எறி!"

"யக்கா, அந்தாண்ட போ! உனக்கு இன்னா வந்துச்சு?"

ஒரு கல் அவர் தோளில் பட்டது. அதற்குப் பிறகு கல் வரவில்லை. போலீஸ் ஜீப் வந்தது. கல் எறிந்தவர்களை விட்டுவிட்டார்கள். நேசனை ஏற்றிக்கொண்டார்கள். திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். வாலிபன், யாழ்ப்பாணத்தான். அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆயர் ஸ்டேஷனுக்குப் போனார். "ஐயா, நீங்க எல்லாரையும்தான் நல்லவன்னு சொல்வீங்க. வேற யாராச்சும் பொறுப்பேத்துக்கிட்டா பாக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? செல்வமணி அக்கா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரர் தடுத்தார். வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அக்கா நிற்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "உங்க பையன் அங்கதானேம்மா செத்தான்?"

"ஆமா. அதனாலதான் வந்திருக்கேன். எம் புள்ள செத்தது அந்த ஊர்ல. இந்தப் பய கையால இல்ல."

கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். சாயங்காலம் போனோம். அறை காலி. மேலிடத்து உத்தரவு, சிறப்பு முகாம் என்ற பெயரில் இருந்த சிறைக்கு வேனில் ஏற்றியாகிவிட்டது. அக்கா ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அழவில்லை. எனக்கு அந்த ஊரார் எல்லோர் மேலும் வெறுப்பு வந்தது.

மறு ஆண்டு நேசனைக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். திருகோணமலையில் இறங்கினான் என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, எங்கள் சாட்சியங்களை எழுதிவைக்க ஆயர் ஒரு பெண்ணை அனுப்பினார். போனதையெல்லாம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வீடு போனது. சனிக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. செல்வமணி அக்காவின் வீட்டுக்காரருக்கு விசாரணை வந்தது. குவார்ட்டர்ஸில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஆட்கள். என் கணவர். என் அம்மா. என் தம்பி நேசன். ஜெபராஜ்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். ஜெபராஜ் யார் என்று கேட்டாள். இந்திய ராணுவம் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். உங்களுக்கு என்ன முறை என்றாள்.

"அக்காவின்ரை மகன். எனக்குப் பெறாமகன்" என்றேன். "நாலு எண்டு எழுது, பிள்ளை."