நாற்பத்தேழாம் எண் மாதிரி

என் தங்கை நன்றாகத் தேநீர் போடுவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையும் என் வாயிலிருந்து வராது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்து, இறக்கி, இரண்டு நிமிடம் மூடி வைப்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் போட்டால் கசந்துவிடும். என் கணவர் பதினோரு வருடமாக அந்தக் கசப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தவர். அவள் வந்த இரண்டாம் நாள் காலையில், "இன்னிக்குத்தான் டீ குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு சின்னப் பெட்டியோடு வந்தவள் அவள். மழலையர் பள்ளியில் ஆசிரியை. என்னைவிட ஒன்பது வயது இளையவள், கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஊரடங்கு அறிவித்தார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை.

"வசமா மாட்டிக்கிட்டேன் பாத்தியாக்கா" என்று சிரித்தாள்.

"இருந்துட்டுப் போ. இப்ப என்ன கெட்டுப்போச்சு" என்றேன்.

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது வெளியே போய் வந்த சிலரில் நான் ஒருத்தி. பரிசோதனை ஆய்வகத்தில் முடிவுகளைப் பதிவு செய்வது என் வேலை. மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகள் சின்னச் சின்னக் குழாய்களில் வரும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். இயந்திரம் அந்த எண்ணையும், பக்கத்தில் பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும் காட்டும். எண்ணுக்குரிய ஆள் யார் என்பது அதற்குத் தெரியாது. பட்டியலைப் பார்த்து ஆளை எண்ணோடு சேர்ப்பவள் நான். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு பேர். பதினாறு வருட வேலையில் என் கையால் ஓர் எழுத்து பிசகியதில்லை. எங்கள் மேலாளரைக் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.

நோயை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய ஆள் நான்தான் என்பதால் விதிகளையும் நானே போட்டேன். வாசலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர். செருப்பு வெளியே. நேராகக் குளியலறை. பிறகு முன்பக்க அறை. துணி தேய்க்கவும் பழைய சாமான் போட்டு வைக்கவும் இருந்த அறை அது. அதில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டேன். தட்டு தனி, டம்ளர் தனி. கதவின் மேல்பாதி கண்ணாடி. அதன் வழியாக எங்கள் கூடம் முழுதும் தெரியும். மூன்றாவது வாரத்தில் என் மகள் அந்தக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினாள். உள்ளே இருந்து பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. மறுநாள் வெளியே வந்துதான் படித்தேன். "லேப் அம்மா. தொடக் கூடாது." நல்ல கையெழுத்து. சித்தி சொல்லிக்கொடுத்தது.

மகளுக்கு ஒன்பது வயது. காலையில் அவளுக்கு வகுப்பு ஃபோனில் நடக்கும். என் கணவர் கட்டட வரைபடம் போடுபவர், சாப்பாட்டு மேசையில் வேலை பார்த்தார். இரண்டையும் ஒரே கூடத்தில் சண்டையில்லாமல் நடத்திக் காட்டினாள் சின்னவள். அவளுக்கு அது கைவந்த கலை. மூன்று வயதுக் குழந்தைகள் முப்பது பேரை உட்கார வைக்கிறவளுக்கு இரண்டு பேர் எம்மாத்திரம். தரையில் ஒட்டுப் பட்டையால் கட்டம் போட்டு நொண்டி விளையாட்டு. பழைய அட்டைப் பெட்டிகளில் ஒரு தெருவே செய்தார்கள்: கடை, தபால் நிலையம், மருத்துவமனை. என் கணவர் தன் வேலையை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தத் தெருவுக்குச் சரியான அளவில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். அவர் எனக்கு ஓர் அலமாரிக்கு அளவெடுத்துத் தருவதாகச் சொல்லி ஆறு வருடம் ஆகிறது.

மற்ற வீடுகளில் ஊரடங்கால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி. மேல் மாடிக்காரர் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டு மீன்தொட்டியோடு பேசினார். எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். நான் பன்னிரண்டு மணி நேரம் முகமூடிக்குள் மூச்சு விட்டு, காதின் பின்னால் தோல் உரிந்து வந்து, கண்ணாடி வழியாக அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பேன். என் வீட்டிலேயே ஒண்டுக்குடித்தனம்.

ஒரு நாள் சீக்கிரம் வேலை முடிந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் அவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஆடாதீங்க. காது போனா நான் பொறுப்பில்ல."

"போனா போகட்டும். வீட்டுல ஒரு காது போதும்."

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குள் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டிருக்கலாம். முடி வெட்டியதற்கு யாரிடம் போய் முறையிடுவது? வெட்டின லட்சணமும் பின்னால் எலி கரண்டியதுபோல இருந்தது. அதையும் அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக அலைந்தார். வயிறு எரிந்தது என்று சொல்வார்கள். எனக்கு ஒன்றும் எரியவில்லை. வாளியில் கை கழுவினேன், இரண்டு முறை.

இன்னொரு சாயங்காலம் கடும் மழை. இடி இறங்கியது. என் மகளுக்கு இடி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். எங்கே இருந்தாலும் ஓடி வந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அன்றும் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் விதியெல்லாம் மறந்து கதவைத் திறந்துவிட்டேன். என் வாசலைத் தாண்டி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சமையலறையில் நின்ற சித்தியிடம் போய் ஒட்டிக்கொண்டாள். சின்னவள் அவள் தலையைத் தடவியபடி என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லக்கா, நான் பாத்துக்கறேன். நீ கதவைச் சாத்திக்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் ஆய்வகத்தில் ஓர் உத்தரவு வந்தது. வேலை செய்பவர்களையும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். எங்கள் வீட்டு மாதிரிகள் வரிசையாக நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்பது வரை. என் கணவர், நான், சின்னவள், மகள்.

நாற்பத்தேழு பாசிட்டிவ். மற்ற மூன்றும் நெகட்டிவ்.

பட்டியலில் நாற்பத்தேழு நான்தான். எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாசிட்டிவ் என்று வந்தவரைப் பராமரிப்பு மையத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அப்போது அதுதான் விதி. வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும் என்று இயந்திரம் சொன்னது. நான் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது. காலையில் நல்ல தேநீர் கிடைக்கும். அட்டைத் தெருவில் இன்னும் இரண்டு கடை கூடும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முன்பக்க அறையில் சின்னவளுடைய துணிகளை அடுக்கிக்கொள்ளலாம். என்னை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் ஓர் ஓட்டைகூடத் தெரியாது.

நாற்பத்தேழுக்கு நேராகச் சின்னவளையும் நாற்பத்தெட்டுக்கு நேராக என்னையும் அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு பேரில் ஒருவருக்கு நோய் என்பது உண்மை, அப்படியே பதிவு செய்திருக்கிறேன். எண்ணிக்கையில் எந்தத் தவறும் இல்லை.

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. மகள் சித்தியின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். முழுப் பாதுகாப்பு உடையில் வந்திருந்த பணியாளர் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். சின்னவள் படியில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "நல்லவேளை, உனக்கு இல்லக்கா. உனக்கு வந்திருந்தா இந்த வீடு தாங்கியிருக்காது."

அவள் எப்போதும் இப்படித்தான். போகும்போதும் நல்ல பெயரை எடுத்துக்கொண்டு போவாள்.

அன்று மாலை முன்பக்க அறையைக் காலி செய்தேன். என் தட்டை மற்றத் தட்டுகளோடு அடுக்கினேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்குத் தனி அறை? வீட்டில் மற்றவர்கள் வெளியே வரக்கூடாது என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆய்வகத்தில் ஆள் பற்றாக்குறை என்பதால் எனக்கு மட்டும் விலக்கு. வேலைக்குப் போய் வந்தேன். பிற்பாடு அங்கே இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. என்னிடமிருந்துதான் வந்தது என்று உறுதியாக யாரும் சொல்ல முடியாது. எட்டாம் நாள் என் கணவருக்கும் வந்தது. பிழைத்துக்கொண்டார். இப்போது மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். சின்னவள் விட்டுப் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை.

மையத்திலிருந்து தினமும் பேசுவாள். ஒரு விளையாட்டு அரங்கத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டிருந்தார்களாம். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு இவள் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், கால் பிடித்துவிடுவதுமாக, அங்கேயும் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஆகிவிட்டாள். ஏழாம் நாள் குரல் மாறியிருந்தது.

"அக்கா, வரும்போது எனக்கு ஒண்ணுமே இல்ல. நேத்துலேருந்துதான் இருமுது. இங்க வந்துதான் ஒட்டிக்கிட்டிருக்கும்னு நர்ஸம்மா சொல்றாங்க."

"அப்படியெல்லாம் இருக்காது. ரெஸ்ட் எடு."

"நீ கொஞ்சம் உங்க லேப்ல கேட்டுப் பாரேன். நீ சொன்னா கேப்பாங்க."

"கேக்கறேன்" என்றேன்.

பத்தொன்பதாம் நாள் அவள் இறந்துபோனாள். உடலைத் தரவில்லை. மகளிடம் என் கணவர்தான் சொன்னார்.

இயந்திரம் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வருடம் கழித்துத் தணிக்கை வந்து, இயந்திரம் சொன்னதையும் மாதிரி எடுத்தபோது எழுதிய பெயர்ப் பட்டியலையும் நான் அடித்ததோடு ஒப்பிட்டபோது இரண்டு வரிகள் உதைத்தன. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். களைப்பில் வரி மாறிவிட்டது என்று சொல்லச் சொல்லி மேலாளர் வற்புறுத்துகிறார். அந்த நாட்களில் யாருக்கும் நடந்திருக்கும் என்கிறார். நல்ல மனிதர். ஆனால் நான் வரி மாறி அடிப்பவள் இல்லை. அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

உங்கள் கோப்பில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தணிக்கைக்காரர்கள் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மட்டும்தான் ஒப்பிட்டார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: 'மாதிரி போதவில்லை, மீண்டும் எடுக்கவும்.' மையத்தில் இருப்பவர்களுக்கு ஐந்தாம் நாள் மறுபடியும் சோதிப்பார்கள். நெகட்டிவ் என்றால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சின்னவளின் இரண்டாவது மாதிரி ஐந்தாம் நாள் காலை என் மேசைக்கு வந்தது. நெகட்டிவ். அப்போது அவளுக்கு இருமல்கூடக் கிடையாது.

அதற்கு முந்தின மாலை என்ன நடந்தது என்றும் கேளுங்கள். மகள் நான்கு நாளாக என்னோடு பேசாமல் இருந்தாள். அன்று அட்டைத் தெருவைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கை மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் அவள் முழுதாக என்னிடம் வந்துவிடுவாள் என்று தோன்றியது.

அதனால் 'மாதிரி போதவில்லை' என்று அடித்தேன். அடுத்த மாதிரி எடுக்க அவர்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. அதில் உண்மையாகவே பாசிட்டிவ் வந்தது. அதைச் சரியாகத்தான் பதிவு செய்தேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள், நல்லது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்ற இடத்தில் மட்டும் 'பொறாமை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நான் பொறாமைப்பட அவளிடம் என்ன இருந்தது? எல்லாம் என்னுடையதுதானே.