எலி சொன்னதை மட்டும் எழுத வைத்தவருக்கு

யாழ் மண்ணில் பிறந்து, நியூ ஜெர்சிக் குளிரில் நிலைத்து, எங்கள் மருந்து ஆய்வுக்கூடத்தின் ஆங்கிலக் கட்டுரைகளைப் பதினெட்டு ஆண்டுகள் திருத்தித் தந்து, இன்று பணி ஓய்வு பெறும் திருமதி வசந்தமலர் அரியரட்ணம் அவர்களே! சிவப்புப் பென்சில் ஏந்திய செம்மலே! சொல்லை நிறுத்துப் பார்த்த துலாக்கோலே! வணக்கம்.

தங்கள் அறைக்குக் கட்டுரையோடு வரும் நம்மவர் எவரும், ஆங்கிலத்துக்குப் போகுமுன் தாம் கண்டதைத் தமிழில் சொல்லியாக வேண்டும் என்பது தங்கள் சட்டம். அதில் அகப்பட்டவர்களுள் ஒருவர் பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருக்கும் எங்கள் சந்தானம்.

எண்பத்து நான்காம் ஆண்டு, ஒரு புதிய மருந்தை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து, கட்டுரை எழுதிக்கொண்டு அவர் தங்களிடம் வந்தார். கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு வைக்க அது உடனே அச்சாக வேண்டியிருந்தது. மருந்து 'கன்க்ளூசிவ்லி சேஃப்', அதாவது ஐயத்துக்கே இடமின்றிப் பாதுகாப்பானது, என்று கடைசி வரியில் முழங்கியிருந்தார். கல்லூரியில் கனமான சொல்லுக்கே மார்க் வாங்கிப் பழகிய கை! அந்தச் சொற்களைத் தாங்கள் வட்டமிட்டீர்கள்.

"கண்டதைத் தமிழிலை சொல்லுங்கோ, தம்பி."

"முப்பது நாள் வரைக்கும் எலிக்கு ஒண்ணும் ஆகலை, ஆன்ட்டி."

"அதைத்தான் எழுதவேணும். முப்பத்தோராம் நாள் என்ன நடக்கும் எண்டு எந்த எலியும் உங்களுக்குச் சொல்லேல்லை."

சந்தானத்தின் முகம் சுண்டிப்போனது. இப்படி அடக்கி வாசித்தால் யார் அச்சிடுவார்கள், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மனைவி ஜலஜாவிடம் புலம்பினார். ஆனாலும் தங்களை மீற மனம் வரவில்லை. முப்பது நாள் வரை தீங்கு காணப்படவில்லை என்றே எழுதினார். பெரிய இதழ் திருப்பி அனுப்பியது. சிறிய இதழ் ஒன்று ஏற்றது. கிரீன் கார்டும் வந்தது.

மறு ஆண்டு நடந்த நீண்ட சோதனையில், அறுபதாம் நாள் முதல் எலிகளின் சிறுநீரகம் கெடத் தொடங்கியது. மருந்து கைவிடப்பட்டது. சந்தானம் தம் கட்டுரையை எடுத்துப் படித்தார். ஒரு சொல்லைக்கூட அவர் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை. அன்று அவருக்குச் சிலிர்த்த உடல், அதைச் சொல்லும்போதெல்லாம் இன்றும் சிலிர்க்கிறது. கேட்கும் எங்களுக்கும்தான்.

அம்மையீர்! இம்மடலை எழுதியவரும் சந்தானமே. 'உலகில் ஒப்பாரில்லாதவர்' என்று தொடங்கியவர், எத்தனை பேரோடு ஒப்பிட்டீர்கள் என்று தாங்கள் கேட்பீர்களென அஞ்சி அடித்துவிட்டார். ஆகவே கண்டதை மட்டும் சொல்கிறோம்: தங்கள் பென்சில் பட்ட கட்டுரை எதுவும் பொய்யாகி நாங்கள் கண்டதில்லை.

தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ்வீர்கள். இதற்கு எங்களிடம் சான்று ஏதுமில்லை. இந்த ஒரு வரியை மட்டும் வட்டமிடாமல் விட்டுவிடுங்கள்.

என்றும் நன்றியுள்ள
ஆய்வுக்கூடத் தமிழ் ஊழியர்கள்
வெஸ்ட் வின்ட்சர், ஜூன் 1988